மனுவும் கேள்வியும்

(மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர், "மனு எழுதுவது எப்படின்னு சொல்லித் தரப் போறீங்களா சார்?" என்று கேட்டார். மனு எழுதுவதற்கு நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். "ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு", "தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் யாதெனில்", "கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு". நாம் நூற்றாண்டுக் கணக்கில் பழகிய கலை அது. நமக்குக் கைவராதது கேள்வி எழுதுவது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கேள்விகள் வந்து விழும் மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன். எந்தக் கேள்வியைப் பார்த்தால் அலுவலகம் கொட்டாவி விடும், எதைப் பார்த்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரித்து வைத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று மூச்சு விடாமல் ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருப்போம். விடை எட்டில் மூன்றுதான் நேர்விடை. "வழி எது?" என்றால் "இது" என்று காட்டுவது சுட்டு, "செய்வாயா?" என்றால் "மாட்டேன்" என்பது மறை, "செய்வேன்" என்பது நேர். மீதி ஐந்தும் சுற்றி வளைத்து வருபவை. "செய்வாயா?" என்றால் "நீயே செய்" என்பது ஏவல். "செய்யாமல் இருப்பேனா?" என்பது வினா எதிர் வினாதல். "கை வலிக்கிறது" என்றால் உற்றது உரைத்தல், "கை வலிக்கும்" என்றால் உறுவது கூறல். "கடலையெண்ணெய் இருக்கிறதா?" என்று கேட்டவரிடம் "நல்லெண்ணெய் இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னால் அது இனமொழி.

இந்தப் பட்டியலை ஒரு அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் உட்கார்ந்து எழுதினாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். "எங்கள் தெருவுக்குச் சாலை எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டால், "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் நடவடிக்கை மேற்கொள்ளப்படும்" என்று பதில் போகும். அசல் உறுவது கூறல். "போட்ட சாலைக்கு எவ்வளவு செலவு?" என்றால், "அனைத்துப் பணிகளும் விதிமுறைகளின்படியே நிறைவேற்றப்பட்டுள்ளன." இது இனமொழி, கேட்டது எண்ணெய், கொடுத்தது வேறு எண்ணெய். "இது நெடுஞ்சாலைத் துறையைச் சார்ந்தது, அங்கே கேட்டுக்கொள்ளவும்" என்றால் ஏவல். பவணந்தியார் இவற்றைக் குற்றம் சொல்லவில்லை. வீட்டிலும் சந்தையிலும் பேசும்போது இந்த ஐந்தும் விடையைக் குறிப்பால் உணர்த்திவிடும் என்று ஒப்புக்கொள்கிறார். வீட்டுக்கு அது சரி. வரிப்பணக் கணக்குக்குச் சரிப்படாது.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைப் பலரும் ஊழல் ஒழிப்புச் சட்டம் என்றே நினைக்கிறார்கள். நான் அதை ஓர் இலக்கண நூலாகப் படிக்கிறேன். சுற்றி வளைக்கும் விடைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போகிறது. "நீ எதுக்கு இதைக் கேக்குறே?" என்பதுதான் அலுவலகங்களில் காலங்காலமாக முதல் பதில். நன்னூலார் சொன்ன எதிர்வினாவாவது சம்மதம் தெரிவிப்பது. இது கேட்டவரை வாசலோடு திருப்பி அனுப்புவது. சட்டத்தின் 6ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, கேட்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்கிறது. "அந்த ஆபீஸ்ல போய்க் கேளு" என்ற ஏவலை 6(3) அடைக்கிறது: வேறு அலுவலகத்துக்கு உரிய கேள்வியாக இருந்தால், வாங்கிய அலுவலரே 5 நாளுக்குள் அதை அங்கே அனுப்பிவிட்டு நமக்கும் தெரிவிக்க வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலுக்கு 30 நாள் கெடு. உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். தக்க காரணம் இல்லாமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 ரூபாய் வரை தண்டம். அலுவலகக் கணக்கிலிருந்து அல்ல, பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து. சொந்தச் சம்பளத்தில் கை வைக்கும் சட்டத்துக்கு எங்கள் அலுவலகத்தில் இருந்த மரியாதை வேறு எந்தச் சட்டத்துக்கும் இருந்ததில்லை.

இத்தனையும் இருந்தும் ஏன் பலருக்குப் பயனுள்ள பதில் கிடைப்பதில்லை? அலுவலகத்தின் சூழ்ச்சி ஒரு பங்கு. மறுக்க மாட்டேன். இன்னொரு பங்கு, சட்டத்தின் கீழ் வரும் தாள்களில் பல, கேள்வி என்று தலைப்பிட்ட மனுக்கள்.

"எங்கள் ஊராட்சியில் குடிநீர்க் குழாய் போட்டதில் பெரும் முறைகேடு நடந்தும் நடவடிக்கை எடுக்காதது ஏன்?" இப்படி ஒன்று வரும். எழுதியவரின் ஆத்திரம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் மேசைக்கு உள்பக்கம் இருப்பவருக்கு இதைவிட நிம்மதியான கேள்வி கிடையாது. "முறைகேடு ஏதும் நடைபெறவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இன்னும் சாமர்த்தியசாலி என்றால், "ஏன் என்ற வினா தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று எழுதுவார். அதற்குச் சட்டத்தின் துணையும் அவருக்கு உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஒரு மாணவருக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்னது. தேர்வு எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்று கதவைத் திறந்த அதே தீர்ப்பு, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், கேட்பவருக்காகப் புதிதாகத் தகவல் தயாரிக்கவோ கருத்துச் சொல்லவோ வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது.

அதே குழாய் விஷயத்தை இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அந்தப் பணியின் நிர்வாக அனுமதி ஆணை நகல். மதிப்பீட்டின் நகல். ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பணி ஆணை நகல். அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்கான பக்கங்களின் நகல். பட்டியல் தொகை வழங்கிய தேதிகள். ஐந்து வரி. குற்றச்சாட்டு இல்லை, வசவு இல்லை, "ஏன்" இல்லை. இந்தத் தாள் வந்தால் அலுவலகத்தில் ஒருவர் எழுந்து அலமாரியைத் திறந்தே ஆக வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழம் தோண்டியதாக அளவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஊரில் ஒரு கடப்பாரையும் அளவு நாடாவும் போதும். "ஏன்" என்ற கேள்விக்கான பதிலை ஊரே எழுதிக்கொள்ளும். சட்டத்தின் 2ஆம் பிரிவு நகலோடு நிற்கவில்லை. வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. சிமெண்ட் மாதிரி கேட்டு வந்த ஒரு விண்ணப்பத்தை எங்கள் அலுவலகம் ஏதோ வெடிகுண்டு மாதிரி கை மாற்றி மாற்றி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

கேட்பவர் செய்யக்கூடிய இன்னொரு உபகாரம் உண்டு. உங்கள் தாள் வந்ததும் தபாலில் பதிவாகும். பொதுத் தகவல் அலுவலர் அதை உரிய இருக்கைக்கு அனுப்புவார். அந்த இருக்கை எழுத்தர் தன்பதிவேட்டைப் புரட்டி, இது எந்தக் கோப்பு என்று தேட வேண்டும். உங்களுக்கு முன்பு வந்த கடிதம் எதிலாவது "ந.க. எண்" என்று ஓர் எண்ணும் ஆண்டும் இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். எண் இருந்தால் கோப்பு கைக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் மூன்று பிரிவுகள் "எங்களிடம் இல்லை" என்று எழுதிக் கொடுத்து, கெடுவின் கடைசி நாள் வந்து நிற்கும். எண் எதுவும் தெரியாதா? முதலில் கோப்புகளின் பட்டியலைக் கேளுங்கள், அல்லது நேரில் பார்வையிடக் கேளுங்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒரே தாளில் இருபத்தேழு கேள்வி எழுதும் பெரியவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதில் இருபத்தாறுக்குச் சரியாகப் பதில் எழுதிவிட்டு, உயிர்நாடியான ஒன்றை மட்டும் மழுப்பிவிடுவது எங்களுக்குச் சுலபம்.

தாளைக் கேள் என்ற இந்தப் பாடத்தை இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சட்டக் கல்லூரிக்காரர்கள் அல்லர். ராஜஸ்தானத்தின் வறண்ட கிராமங்களில் பஞ்ச நிவாரண வேலைக்குப் போன கூலிக்காரர்கள். 1990 மே நாளில் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண், ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனவர். செய்த வேலைக்கு முழுக் கூலி வரவில்லை. கேட்டால், "நீங்கள் வேலையே செய்யவில்லை, கணக்கில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதில். அந்தக் கணக்கைக் காட்டுங்கள் என்றார்கள். அது ரகசியம் என்றார்கள் அதிகாரிகள்.

இங்கேதான் அவர்கள் சாதாரணப் போராட்டக்காரர்களிடமிருந்து விலகினார்கள். கூலியை உயர்த்து என்று கேட்டிருந்தால் அது மனு. அவர்கள் கேட்டது மஸ்டர் ரோல் என்ற வேலையாள் வருகைப் பதிவேடு, பட்டியல், ரசீது. 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. கையில் கிடைத்த ஆவணங்களைக் கூடியிருந்த மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. இன்ன பெயர், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி என்று படிக்கப் படிக்க, அந்தப் பெயருக்கு உரியவரே கூட்டத்தில் இருந்து எழுந்து "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்று சொல்ல முடிந்தது. எழுத்தறியாத ஊரில் ஓர் ஆவணத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழியை யாரும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாள் நீடித்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அவர்கள் முழக்கம். தமிழ்நாடு 1997லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றி முன்னோடிகளில் ஒன்றானது. ஆனால் அதில் விலக்குகள் மலிந்திருந்தன. கேள்வி கேட்கும் பழக்கத்தை அது ஊர்களுக்குக் கொண்டுவரவில்லை.

அரசைக் கேள்வி கேட்பது என்ற உரிமையே நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபையில் உறுப்பினர்கள் கேள்வி கேட்கவே 1892இல்தான் அனுமதி வந்தது. அப்போதும் துணைக்கேள்வி கேட்கக் கூடாது. பதில் சொல்லியாயிற்று, உட்கார் என்பதுதான் நியாயம். 1909 சட்டத்துக்குப் பிறகுதான் துணைக்கேள்வி வந்தது, அதுவும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும். ஆள்பவர்களுக்கு எது ஆபத்து என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள். முதல் கேள்விக்குத் தயாரித்த பதிலைப் படித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்குத் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

இன்றைய மக்களவையில் ஒரு நாளில் 20 நட்சத்திரக் கேள்விகளுக்கு வாய்மொழிப் பதில், 230 கேள்விகளுக்கு எழுத்துப் பதில். கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று அவை நடத்தை விதிகளில் 41ஆம் விதி சொல்கிறது. சாதாரணமாக 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. வாதம் கூடாது, ஊகம் கூடாது, கிண்டல் கூடாது, குற்றம் சாட்டக் கூடாது, அபிப்பிராயம் கேட்கக் கூடாது. அரசியல்வாதிகளுக்கு இது வாய்ப்பூட்டு என்று தோன்றலாம். எனக்குத் தோன்றுவது வேறு. கிண்டலையும் வாதத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் பதில் சொல்லியே தீர வேண்டிய பகுதி. நம் தொலைக்காட்சி விவாதங்களுக்கு 41ஆம் விதியை ஒரு வாரம் அமல்படுத்திப் பார்த்தால், நிகழ்ச்சி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த விதிகளுக்குள் நின்றே ஒரு நிதியமைச்சரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் நம் ஊர்க்காரர், டி. டி. கிருஷ்ணமாச்சாரி. தொடங்கி ஓராண்டுகூட நிறைவடையாத ஆயுள் காப்பீட்டுக் கழகம், 1957 ஜூனில் கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவின் 6 நிறுவனங்களில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. முதலில் வந்த பதில்கள் யாருக்கும் திருப்தி தரவில்லை. கேள்வி திரும்பித் திரும்பி வந்தது. டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி எழுந்து பேசினார். ஆளும் கட்சி உறுப்பினர், அதிலும் பிரதமரின் மருமகன். கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கேட்டார்களா? சந்தையில் விலை என்ன, வாங்கிய விலை என்ன? எல்லாம் தேதியும் தொகையும் உள்ள விஷயங்கள். விசாரணைக்கு நீதிபதி எம். சி. சக்ளா வந்தார், விசாரணையை மக்கள் பார்க்கத் திறந்த இடத்தில் நடத்தி, சில வாரங்களில் முடித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். ஃபெரோஸ் காந்தியின் பேச்சுத் திறமையைப் பற்றிச் சொல்கிறார்கள். நான் அவருடைய வீட்டுப்பாடத்தைப் பார்த்து வியக்கிறேன். பாதி விடை கையில் இருக்கும்போது கேட்பதுதான் அறிவினா. ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அது என்று பாடத்தில் படித்தோம்; மக்கள் பிரதிநிதி அமைச்சரிடம் கேட்பதும் அதே வகைதான்.

பதில் வந்துவிட்டது, ஆனால் பயன் இல்லை என்ற நிலைமைக்கு அண்மைக் காலத்தில் நம் கண்முன் நடந்த உதாரணம் தேர்தல் பத்திரம். 2018 ஜனவரியில் அறிவிக்கையான திட்டம். கட்சிகளுக்கு நன்கொடை தர விரும்புகிறவர் பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கொடுப்பார். யார் யாருக்குக் கொடுத்தார் என்று மக்களுக்குத் தெரியாது. பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இருக்காது, அடையாளம் இருக்காது என்றார்கள். அந்த ஆண்டே பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கித் தடயவியல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். புறஊதா ஒளியில் வைத்துப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எண்ணும் சேர்ந்த வரிசை எண் பளிச்சென்று தெரிந்தது. அறிக்கை எழுதிக்கொண்டும் கண்டனம் தெரிவித்துக்கொண்டும் எல்லாரும் இருந்த நேரத்தில், ஒருவர் மட்டும் பத்திரத்தையே கேட்டுப் பார்த்திருக்கிறார்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தை ரத்து செய்தது. வாக்காளரின் அறியும் உரிமைக்கு இது எதிரானது என்றது. 2019 ஏப்ரல் 12 முதல் நடந்த பத்திர விவரங்களைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கும்படி வங்கிக்கு உத்தரவானது. வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. வாங்கியவர் விவரமும் பணமாக்கிய கட்சி விவரமும் தனித்தனி இடத்தில் இருக்கின்றன, பொருத்திப் பார்க்க நாளாகும் என்றது. மார்ச் 11 அன்று நீதிமன்றம் அதை நிராகரித்து, மறுநாளே கொடு என்றது. மார்ச் 14 அன்று இரண்டு பட்டியல்கள் வெளியாயின. வாங்கியவர்கள் ஒன்றில், பெற்ற கட்சிகள் இன்னொன்றில். ஆயிரக்கணக்கான வரிகள். யார் யாருக்குக் கொடுத்தார் என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை. இரண்டையும் சேர்க்கும் அந்த வரிசை எண்ணை வங்கி கொடுக்கவில்லை. எண் எங்கே என்று நீதிமன்றம் மறுபடி கேட்டது. எதையும் மறைக்காமல் கொடு என்று மார்ச் 18 அன்று தெளிவாகச் சொன்னது. மார்ச் 21 அன்று எண்கள் வந்தன. அதன் பிறகே கணினி தெரிந்த இளைஞர்களும் பத்திரிகைகளும் இரண்டு பட்டியலையும் பொருத்தி, எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று எழுத முடிந்தது. அந்த ஓர் எண்ணைக் கேட்காமல் விட்டிருந்தால், அத்தனை பெரிய தீர்ப்பும் இரண்டு கட்டுக் காகிதமாக நின்றிருக்கும்.

பெரிய இடத்துக் கதை போதும். வீட்டு வாசலுக்கு வருவோம். வெளியூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு "இந்தப் பஸ் திருவாரூர் போகும்ல?" என்று கேட்டால், அவசரத்தில் இருப்பவர் "போகும், போகும்" என்பார். "இந்தப் பஸ் எங்கே போகுது?" என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்தவர் ஊரைச் சொல்வார், தெரியாதவர் தெரியாது என்பார். பதிலை உள்ளே வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வியைத் தன் தரப்புச் சாட்சியிடம் முதல் விசாரணையில் வழக்கறிஞர் கேட்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே சொன்னது. இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. நாமோ டாக்டரிடம் போய், "ஒண்ணும் பயம் இல்லையே டாக்டர்?" என்கிறோம். அவர் என்ன சொல்வார்? அந்த இரண்டு நிமிடத்தில் கேட்க வேண்டியது வேறு. இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாள்? என்ன மாதிரி ஆனால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும்? ஏற்கெனவே சர்க்கரைக்குச் சாப்பிடுகிறேனே, இதோடு சேருமா? தாளில் எழுதிக்கொண்டு போனால் மூன்றையும் கேட்டுவிடலாம். எழுதாமல் போனால், படியிறங்கும்போதுதான் ஞாபகம் வரும்.

வகுப்பறையில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று கூட்டாக ஒரு சத்தம் வரும். கேட்டவருக்கும் சொன்னவர்களுக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. புரியவில்லை என்று எழுந்து நிற்கும் பையனை நாம் நடத்தும் விதத்தைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போடலாம், இன்று நேரமில்லை.

கேள்விக்கு விலை கொடுத்தவர்களையும் சொல்லாமல் போகக் கூடாது. நில மோசடிகளைத் தகவல் உரிமையின் வழியே தோண்டிக்கொண்டிருந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் புனே அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். கிர் காட்டுப் பகுதியில் சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா அதே ஆண்டு ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்தின் எதிரிலேயே சுடப்பட்டார். ஆகவே கனமான விஷயத்தைத் தனியாளாகக் கேட்காதீர்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து கேட்கட்டும்.

சட்டத்தின் பலமும் குறைந்துகொண்டு வருகிறது. 2019 திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் ஒன்றிய அரசு தீர்மானிக்கும் என்று ஆக்கியது. 2023இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் கை வைத்தது. அதாவது, பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்த இடத்தில் இருந்த வாசகத்தை எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. அதைத்தான் இனி விண்ணப்பத்திலேயே எடுத்துக்காட்டிக் கேட்க வேண்டியிருக்கும். கோட் கிரானாவில் உரக்கப் படித்தார்களே, அந்த மஸ்டர் ரோல் முழுக்கத் தனிநபர் பெயர்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பெயர் இல்லாத மஸ்டர் ரோலை வைத்துக்கொண்டு யாரை எழுப்பிக் கேட்பது? இந்தத் திருத்தம் தவறு என்றே நான் கருதுகிறேன்.

இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேராவது கிராமத்துக்காரர்கள். ஆண்டில் ஆறு நாள் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்று தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை நாறுகிறது என்று முறையிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, கடைசியாக முடிந்த ஒரே ஒரு வேலையின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் மறுநாள் வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, விநியோகச் சான்றுடன் விரைவுத் தபாலில் போடுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாள் கழித்தும் பதில் வராவிட்டாலோ, எண்ணெய்க்கு எண்ணெய் மாற்றிக் கொடுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் கிடையாது. பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் செய்யுங்கள்.